மகளிர் கிரிக்கெட்டும் வேலைவாய்ப்பும்

2024ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் பெங்களூரில் மகளிர் பிரீமியர் லீக் போட்டிக்கான ஆட்டக்காரர் ஏலம் நடைபெற்றது. அன்றைய ஏலத்தின் உச்ச விலை, இந்திய அணிக்காக ஒருமுறையேனும் ஆடியிராத ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது. மும்பை தாராவியில் வளர்ந்த சிம்ரன் ஷேக் என்னும் 22 வயது வீராங்கனையை குஜராத் ஜயன்ட்ஸ் அணி 1 கோடியே 90 லட்சம் ரூபாய்க்கு எடுத்துக்கொண்டது. அவருடைய தந்தை மின்பணியாளர். தாராவியின் தெருக்களில் சிறுவர்களுடன் ஆடித்தான் அவர் கிரிக்கெட்டைக் கற்றார்.

இத்தொகை பரவலாகப் பேசப்பட்டது. அதைவிடக் கருதத்தக்கது அதற்கு முந்தைய இரண்டு பருவங்களின் கணக்கு. இப்போட்டி தொடங்கப்பெற்ற 2023ஆம் ஆண்டில் யு.பி. வாரியர்ஸ் அணி அவரை அடிப்படை விலையான 10 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அப்பருவத்தில் அவரால் போதிய ஓட்டங்கள் எடுக்க இயலவில்லை. பருவம் முடிந்ததும் அணி அவரை விடுவித்தது. அடுத்த ஏலத்தில் எந்த அணியும் அவரைக் கேட்கவில்லை. ஆகவே மூன்று பருவங்களில் இப்போட்டியின் வாயிலாக அவர் பெற்ற விலை முறையே 10 லட்சம், சுழி, 190 லட்சம் என்றாகிறது. இதன் சராசரி ஏறத்தாழ 67 லட்சம். ஆனால் இரண்டாம் ஆண்டின் ஏலம் முடிந்த மாலையில் அந்தச் சராசரியை எவரும் அறிந்திருக்க இயலாது. அன்று கையிலிருந்த உண்மை சுழி ஒன்றே.

ஒரு தொழிலின் இயல்பை அதன் உச்ச வருவாயைக் கொண்டு மட்டும் மதிப்பிட இயலாது. அவ்வருவாய் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது, ஆண்டில் எத்தனை நாளைக்குக் கிடைக்கிறது, அடுத்த ஆண்டும் கிடைக்கும் என்பதற்கு என்ன உறுதி என்பனவே முதன்மையான வினாக்கள். ஒரு மாநில அணியின் பயிற்சி முகாமுக்குத் தன் பதினாறு வயது மகளை அனுப்பலாமா, கல்லூரிக்கு அனுப்பலாமா என்று சிந்திக்கும் குடும்பம், பெயர் சொல்லாமலே, இவ்வினாக்களைத்தான் எழுப்புகிறது. ஐம்பதாண்டுகளில் இவற்றுக்கான விடைகள் மாறி வந்துள்ள வரலாறே இந்நாட்டில் மகளிர் கிரிக்கெட் ஒரு தொழிலாக உருப்பெற்ற வரலாறாகும்.

ஊதியமில்லா உழைப்பு

பம்பாயில் மகளிருக்கென ஒழுங்கான கிரிக்கெட் சங்கம் 1960களின் இறுதியில் தோன்றியது. ஆலு பாம்ஜி என்னும் பார்சி மாது ‘ஆல்பீஸ்’ என்ற பெயரில் அதனைத் தொடங்கினார். 1973இல் மகேந்திர குமார் சர்மாவின் முயற்சியால் இந்திய மகளிர் கிரிக்கெட் சங்கம் உருவாயிற்று. அவ்வாண்டு புனேயில் நடந்த முதல் மாநிலங்களிடைப் போட்டியில் பம்பாய், மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம் என மூன்றே அணிகள் கலந்துகொண்டன. மூன்றாண்டுகளுக்குள், 1976இல், மேற்கிந்தியத் தீவுகளின் மகளிர் அணி இங்கு வந்து ஆறு டெஸ்ட் ஆட்டங்கள் ஆடியது. பாட்னாவில் சாந்தா ரங்கசாமியின் தலைமையில் இந்திய மகளிர் தம் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றனர்.

வளர்ச்சி விரைவானதுதான். ஆனால் இம்முயற்சி முழுவதும் ஊதியமில்லாத உழைப்பின் மீது நின்றது. வீராங்கனைகள் முன்பதிவில்லாத இரயில் பெட்டிகளில் பயணம் செய்தனர். பொதுக் கூடங்களில் தங்கினர். படுக்கையையும் தாமே சுமந்து சென்றனர். 1982இல் நியூசிலாந்தில் நடந்த உலகக் கோப்பைக்குச் செல்ல ஒவ்வொருவரும் பத்தாயிரம் ரூபாய் செலுத்த வேண்டியிருந்ததாக அக்காலத்து ஆட்டக்காரர்கள் நினைவுகூர்ந்துள்ளனர். நாட்டுக்காக ஆடுவதற்கு ஆடுபவரே கட்டணம் செலுத்திய நிலை அது. அன்றைய நடுத்தரக் குடும்பத்தில் இத்தொகை ஓர் ஆண்டின் சேமிப்பை விழுங்கக்கூடியது. இத்தகைய ஏற்பாட்டில் தகுதியுள்ளவர் ஆடுவர் என்பதைவிட, வசதியுள்ளவர் ஆடுவர் என்பதே நடக்கும். அவ்வாறு முற்றிலும் நடந்துவிடாமல் தடுத்தவை பொதுத்துறை நிறுவனங்களின் வேலைவாய்ப்புகள்.

ஓர் இரயில்வே குடியிருப்பிலிருந்து

இதற்கு டயானா எடுல்ஜியின் வாழ்க்கை தக்க எடுத்துக்காட்டு. 1956 ஜனவரி 26ஆம் நாள் பம்பாயில் பிறந்த அவர், தெற்கு பம்பாயின் பத்வார் பார்க் இரயில்வே குடியிருப்பில் வளர்ந்தார். தந்தை மேற்கு இரயில்வேயில் பணியாற்றியவர். குடியிருப்பின் திடலில் சிறுவர்களுடன் டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகியவர், 1976இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான தொடரில் டெஸ்ட் அணியில் இடம்பெற்றார். இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர். 1978இல் இந்தியாவில் நடந்த உலகக் கோப்பையில் அணித் தலைவராக விளங்கினார். 1983இல் அர்ஜுனா விருது, 2002இல் பத்மஸ்ரீ, 2023இல் சர்வதேச கிரிக்கெட் மன்றத்தின் புகழ்வரிசையில் இடம்பெற்ற முதல் இந்தியப் பெண் என்ற சிறப்பு ஆகியன அவரை வந்தடைந்தன.

விருதுகளைவிட இங்கு நோக்கத்தக்கது வேறோர் எண். 1976 முதல் 1993 வரை நீண்ட அவருடைய சர்வதேச வாழ்வில் அவர் ஆடியவை 20 டெஸ்ட் ஆட்டங்களும் 34 ஒருநாள் ஆட்டங்களுமே. பதினேழு ஆண்டுகளில் 54 ஆட்டங்கள். ஆண்டுக்குச் சராசரியாக மூன்று. 1986இல் இங்கிலாந்துப் பயணம் முடிந்தபின் 1991 வரை இந்திய மகளிர் டெஸ்ட் ஆட்டமே ஆடவில்லை. 1988 உலகக் கோப்பையிலும் இந்தியா பங்குபெறவில்லை. ஒரு பந்துவீச்சாளரின் முப்பதாம் வயது முதல் முப்பத்தைந்தாம் வயது வரையிலான காலம் அவ்வாறு கழிந்தது. இத்தகைய இடைவெளியில் ஆட்டத்தை மட்டும் நம்பி எவரும் வாழ இயலாது. ஆட்டத்திறனைக் காத்துக்கொள்வதும் அரிது. இவ்விரண்டையும் இயலச் செய்தது மேற்கு இரயில்வேயில் அவர் வகித்த பணி. விளையாட்டு அலுவலராக உயர்ந்து அங்கேயே அவர் ஓய்வு பெற்றார்.

அந்த 1986 பயணத்தின்போது லார்ட்ஸ் திடலில் உறுப்பினர் மண்டபத்துக்குள் நுழைய அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அம்மண்டபத்துக்குரிய மேரிலபோன் கிரிக்கெட் சங்கத்தின் பெயரெழுத்துக்களையே ஆணாதிக்கம் என்று பொருள்பட மாற்றிக்கொள்ளலாம் என அவர் நகையாடியது இன்றும் பேசப்படுகிறது. அச்சங்கம் மகளிரை உறுப்பினராக ஏற்க வாக்களித்தது 1998இல்தான். கதவைத் திறப்பதில் இரயில்வே நிருவாகம் லார்ட்ஸை முந்திக்கொண்டது எனலாம்.

இரயில்வேயின் பங்கு

1928இல் அமைக்கப்பெற்ற இரயில்வே விளையாட்டு வாரியம் நெடுங்காலமாகவே விளையாட்டு வீரர்களைப் பணியில் அமர்த்தி வந்துள்ளது. மகளிர் கிரிக்கெட்டுக்கும் அவ்வாய்ப்பை விரிவாக்க வேண்டுமென எடுல்ஜி வலியுறுத்தினார். 1980களில் இரயில்வேக்கென மகளிர் அணி அமைந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. ஏற்பாடு எளியது. தகுதி பெற்ற வீராங்கனை விளையாட்டு ஒதுக்கீட்டில் எழுத்தர், பயணச்சீட்டுப் பரிசோதகர் போன்ற பணியிடமொன்றில் அமர்த்தப்படுகிறார். பயிற்சி முகாமுக்கும் போட்டிக்கும் செல்லும் நாட்களுக்குச் சிறப்பு விடுப்பு உண்டு, ஊதியம் தடைப்படாது. சாதனைக்கேற்பப் பதவி உயர்வு கிடைக்கும். ஆட்டத்திலிருந்து விலகிய பின்னும் பணி ஓய்வு வயது வரை வேலை நிலைக்கும்.

இதனைப் பொருளாதார நோக்கில் பார்த்தால், இரயில்வே வழங்கியது ஊதியம் மட்டுமன்று, காப்பீடும் ஆகும். விளையாட்டு வாழ்வு முப்பத்தைந்து வயதுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். முழங்காலில் ஏற்படும் ஒரு காயம் அதனை இருபத்து மூன்றிலேயே முடித்துவிடவும் கூடும். இந்த இடர்ப்பாட்டைத் தனிக் குடும்பம் தாங்காது. பெரிய நிறுவனம் பலரிடையே பகிர்ந்து தாங்கும். பத்தாம் வகுப்பு அல்லது பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணுக்கு அரசுப் பணி என்பது குடும்பத்துக்குள் அவருடைய பேச்சுக்கு மதிப்பைக் கூட்டுவது என்பதையும் மறந்துவிடலாகாது. ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திருமணம் செய்துகொள் என்று வற்புறுத்தும் உறவினர் முன், நியமன ஆணை ஒரு வலுவான விடையாக அமைந்தது.

இரயில்வேயைப் போல ஏர் இந்தியாவும் வீராங்கனைகளை ஆதரித்தது. பிற்காலத்தில் உலகின் தலைசிறந்த வேகப்பந்து வீச்சாளராகத் திகழ்ந்த ஜுலன் கோஸ்வாமி அங்குப் பணிபுரிந்தவர். வங்கிகளும் ஓரளவு துணைநின்றன. சாந்தா ரங்கசாமி கனரா வங்கியில் பணியாற்றி உயர்ந்தார். மிதாலி ராஜ் இரயில்வே ஊழியர். பஞ்சாபைச் சேர்ந்த ஹர்மன்பிரீத் கவுர் 2014இல் மேற்கு இரயில்வேயில் பணிபெற்று மும்பைக்கு வந்தார். பதினோராண்டுகள் கழித்து அந்நகரின் அருகிலேயே உலகக் கோப்பையை ஏந்தினார்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலையும் இருந்தது. மாநிலந்தோறும் உருவான திறமை மிக்கவர்கள் வேலையை நாடி இரயில்வே அணிக்குச் சென்றுவிட்டனர். அதனால் உள்நாட்டுப் போட்டிகளில் பெரும்பாலான ஆண்டுகளில் இரயில்வே அணியே வென்று வந்தது. இரயில்வே பதினொருவரில் இடம் கிடைக்காமல் வெளியே அமர்ந்திருந்தவர், தம் சொந்த மாநில அணியில் முதலிடம் பெறத்தக்கவராக இருந்திருப்பார். மாநிலச் சங்கங்களோ, தாம் பயிற்றுவித்தவர் எப்படியும் பிறரிடம் செல்வார் என்பதால், பயிற்சியில் செலவிட ஊக்கம் குன்றின. பெரிய முதலாளி ஒருவரே உள்ள சந்தையில் இது வியப்பன்று. இரயில்வே செய்தது தவறு என்பதன்று. மற்றவர்கள் செய்யாது விட்டதே குறை.

திடலுக்குச் செல்லும் வழி

வேலை கிடைக்கும் கட்டத்துக்கு வருமுன் ஆறேழு ஆண்டுகள் ஒரு பெண் பயிற்சி பெற்றாக வேண்டும். அக்காலத்தின் செலவு எவ்வேட்டிலும் பதிவாவதில்லை. மும்பையின் நிலவமைப்பு இதனைத் தெளிவாக்கும். நகரின் பழம்பெருமை வாய்ந்த கிரிக்கெட் திடல்களான ஆசாத் மைதான், கிராஸ் மைதான், ஓவல் ஆகியவை தென்கோடியில் உள்ளன. சற்று வடக்கே தாதரில் சிவாஜி பார்க்கும் மாதுங்காவில் தாட்கர் மைதானும் இருக்கின்றன. மக்களோ வாடகைக்கு அஞ்சி வடக்கும் கிழக்குமாகப் பெயர்ந்துகொண்டே சென்று டோம்பிவிலி, கல்யாண் வரை குடியேறிவிட்டனர். மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும் இவ்வாறு டோம்பிவிலிக்குச் சென்றவையே.

டோம்பிவிலியிலிருந்து சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையம் ஏறத்தாழ 48 கிலோமீட்டர். மின்சார இரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். இந்திய ஆண்கள் அணிக்குத் தலைமை தாங்கிய அஜிங்க்ய ரகானே, டோம்பிவிலியில் வளர்ந்து, மட்டைகள் நிறைந்த பையுடன் நெரிசல் மிகுந்த இரயிலில் நகருக்குச் சென்று ஆடியவர். ஓர் ஆண்பிள்ளை அதனைச் செய்வது கடினம். பெண்பிள்ளைக்கு அக்கடினத்துடன் வேறு சிலவும் சேர்கின்றன. பெண்களைச் சேர்த்துக்கொள்ளும் பயிற்சி நிலையங்கள் குறைவாதலால், அருகிலுள்ளதை விட்டுத் தொலைவிலுள்ளதை நாட வேண்டியிருக்கும். விடியுமுன் புறப்பட வேண்டுமெனில் உடன் ஒருவர் வர வேண்டும். வருபவர் தம் வேலையை இழக்க வேண்டும். திடலில் உடைமாற்றும் அறையும் கழிப்பிடமும் இல்லாவிடில் மற்ற வசதிகளால் பயனில்லை. பயிற்சிக் கட்டணம் மாதத்துக்குச் சில நூறோ ஆயிரமோ இருக்கலாம். உடன் செல்லும் தாயின் அல்லது தந்தையின் நேரத்துக்கு விலையிட்டால் அதுவே பெருஞ்செலவாகிவிடும்.

ஜெமைமா ரோட்ரிக்ஸின் குடும்பம் இச்சிக்கலுக்குக் கண்ட தீர்வு கருதத்தக்கது. மத்திய இரயில்வே வழியிலுள்ள பாண்டுப்பில் வாழ்ந்த அக்குடும்பம், பிள்ளைகளின் விளையாட்டுப் பயிற்சிக்கு வசதியாக இருக்கும் என்பதற்காக பாந்திராவுக்கே குடிபெயர்ந்தது. தந்தையே அவருக்குப் பயிற்சியாளராகவும் இருந்தார். மகளைத் திடலுக்கு அனுப்புவதற்குப் பதிலாக வீட்டையே திடலின் அருகில் கொண்டுசென்றனர் எனலாம். 2025 அக்டோபர் 30ஆம் நாள் நவி மும்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான உலகக் கோப்பை அரையிறுதியில், 339 என்ற இலக்கை இந்தியா எட்டியபோது, ஆட்டமிழக்காமல் 127 ஓட்டங்கள் எடுத்து நின்றவர் அவரே. வீட்டை மாற்றிக்கொள்ள இயலாத குடும்பங்களின் மகளிர் எத்தனை பேர் பதினான்கு வயதில் ஆட்டத்தை விட்டனர் என்பதற்குக் கணக்கில்லை. சிம்ரன் ஷேக் போன்றவர்களுக்கு தாராவி ஒரு வகையில் வாய்ப்பாக அமைந்தது என்றுகூடச் சொல்லலாம். வறுமை மிகுந்த இடமாயினும் அது திடல்களுக்கு அண்மையில் உள்ளது.

ஆட்டக் கூலியும் ஆண்டு ஒப்பந்தமும்

சர்வதேச அளவில் மகளிர் கிரிக்கெட் நிருவாகம் 2005இல் ஆண்கள் கிரிக்கெட் நிருவாகத்துடன் இணைந்தது. இந்தியாவில் 2006இல் இந்திய மகளிர் கிரிக்கெட் சங்கத்தின் பொறுப்பை இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்றது. அதற்கு முந்தைய ஆண்டு, தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பை இறுதியாட்டம் வரை சென்ற இந்திய அணியினர்க்கு ஓர் ஆட்டத்துக்கு ஆயிரம் ரூபாய் வழங்கப்பட்டதாக அவ்வணியின் தலைவர் மிதாலி ராஜ் பின்னாளில் தெரிவித்துள்ளார். 2022 அக்டோபரில் வாரியம் சர்வதேச ஆட்டங்களுக்கான ஊதியத்தை இருபாலர்க்கும் சமமாக்கியது. அதன்படி டெஸ்ட் ஆட்டத்துக்கு 15 லட்சமும் ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சமும் இருபது ஓவர் ஆட்டத்துக்கு 3 லட்சமும் வழங்கப்படும். பதினேழாண்டுகளில் ஓர் ஒருநாள் ஆட்டத்தின் ஊதியம் அறுநூறு மடங்காயிற்று.

ஆட்டத்துக்கு ஆட்டம் தரப்படும் ஊதியம், எத்தனை உயர்ந்ததாயினும், தன் இயல்பில் கூலியே. ஆடாத நாளுக்கு அது இல்லை. காயமுற்ற நாளுக்கும் இல்லை. ஆண்டு ஒப்பந்தம் வேறுவகைப்பட்டது. வாரியம் அதனை மகளிருக்கு 2015இல் அறிமுகப்படுத்தியது. அப்போது பதினொருவர் இரு பிரிவுகளில் 15 லட்சமும் 10 லட்சமும் பெற்றனர். 2018இல் அது மூன்று பிரிவுகளாகி, 50 லட்சம், 30 லட்சம், 10 லட்சம் என உயர்ந்தது. 2024-25ஆம் ஆண்டுக்கு இவ்வொப்பந்தம் பெற்றவர்கள் பதினாறு பேர்.

ஆட்டங்களின் எண்ணிக்கையும் பெருகியுள்ளது. எடுல்ஜியின் பதினேழு ஆண்டுகளில் 54 ஆட்டங்கள் என்றோம். மிதாலி ராஜ் 1999 முதல் 2022 வரை 12 டெஸ்ட், 232 ஒருநாள், 89 இருபது ஓவர் ஆட்டங்களாக மொத்தம் 333 ஆட்டங்கள் ஆடினார். ஆண்டுக்கு மூன்று என்பது பதினான்காயிற்று. கிரிக்கெட் ஒரு தொழிலாக மாறியதற்கு ஊதிய உயர்வைப் போலவே இதுவும் காரணம். ஒருவேளை முதற்காரணமும் இதுவே. ஆட்டமில்லாத தொழிலுக்கு எவர் ஒளிபரப்புக் கட்டணம் தருவார்?

ஏலமும் இடர்ப்பாடும்

2023 ஜனவரியில் மகளிர் பிரீமியர் லீக்கின் ஐந்து அணிகளின் உரிமம் 4,669 கோடியே 99 லட்சம் ரூபாய்க்கு விற்கப்பட்டது. ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை 951 கோடிக்குச் சென்றது. முதற்பருவத்தின் ஆட்டங்கள் அனைத்தும் அவ்வாண்டு மார்ச் மாதத்தில் மும்பையிலும் நவி மும்பையிலும் நடந்தன. முதல் ஏலத்தில் 87 பேர் மொத்தம் 59 கோடியே 50 லட்சம் ரூபாய்க்கு எடுக்கப்பட்டனர்; ஸ்மிருதி மந்தனாவின் 3 கோடியே 40 லட்சம் உச்ச விலை. ஒளிபரப்பு உரிமையை ஆண்டுக் கணக்கில் பகிர்ந்தால் 190 கோடியாகும். அதனோடு ஒப்பிட ஆட்டக்காரர்க்குச் சென்றது மூன்றில் ஒரு பங்கினும் சற்றுக் குறைவு. பழைய தலைமுறையினர் கனவிலும் காணாத தொகைதான். ஆயினும் ஆட்டமே விற்பனைப் பொருளாக உள்ள தொழிலில், ஆடுபவரின் பங்கு இன்னும் உயர இடமுண்டு என்பதும் இக்கணக்கிலிருந்து பெறப்படும்.

அந்த 87 பேரில் 30 பேர் வெளிநாட்டினர். எஞ்சிய 57 இடங்களே இந்திய மகளிருக்கு. மாநில, ஒன்றியப் பகுதி, இரயில்வே அணிகள் முப்பத்தைந்துக்கு மேல் உள்ளன. அணிக்குப் பதினைந்து பேர் என்று கொண்டாலும் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் உள்நாட்டுப் போட்டிகளில் ஆடுகின்றனர். அதாவது பத்தில் ஒன்பது பேருக்கு ஏலத்தில் இடமில்லை. இடம் பெற்றவர்களிலும் கீழ்ப்படியில் இருப்பவர் அடிப்படை விலையையே பெறுகிறார். சிம்ரன் ஷேக்கின் முதல் இரண்டாண்டு அனுபவம் அவர்களில் பலருக்கும் பொருந்தும். 2024 டிசம்பர் ஏலத்தில் தமிழ்நாட்டின் பதினாறு வயது கமலினியை மும்பை இந்தியன்ஸ் அணி 1 கோடியே 60 லட்சத்துக்கு எடுத்தது. பதினாறு வயதில் இத்தொகை கிட்டுவது அக்குடும்பத்துக்குப் பெருமகிழ்ச்சி. பள்ளிப் படிப்பைத் தொடரவும் கிட்டிய தொகையை முறையாக முதலீடு செய்யவும் அவ்வயதினருக்கு வழிகாட்டுவது ஏலத்தை நடத்துவோரின் கடமைகளுள் ஒன்றாகக் கருதப்பட வேண்டும்.

ஆக, இன்றும் அரசுப் பணியின் தேவை நீங்கவில்லை. 2025 நவம்பர் 2ஆம் நாள் நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ஓட்டங்களில் வென்று இந்திய மகளிர் முதன்முறையாக உலகக் கோப்பையைப் பெற்றனர். அவ்வணியின் பிரதிகா ராவல், ரேணுகா சிங், ஸ்நேஹ் ராணா மூவரும் இரயில்வே ஊழியர்கள். அவர்களுள் பிரதிகா ராவலுக்கு நேர்ந்தது இத்தொழிலின் இயல்பைத் தெளிவாகக் காட்டும். போட்டித் தொடர் முழுவதும் சிறப்பாக ஆடிவந்த அவர், அரையிறுதிக்கு முன் கணுக்காலில் காயமுற்று விலக நேர்ந்தது. அவருக்கு மாற்றாக வந்த ஷபாலி வர்மா இறுதியாட்டத்தில் 87 ஓட்டங்கள் எடுத்து ஆட்ட நாயகியானார். ஒருவருக்கு நேர்ந்த இழப்பே மற்றொருவருக்கு வாய்ப்பாவது விளையாட்டில் புதிதன்று. காயமுற்றவருக்கு மாத ஊதியம் வந்துகொண்டிருந்ததா என்பதுதான் வேலைவாய்ப்பு நோக்கில் கேட்கத்தக்க வினா. இவர் வகையில் வந்துகொண்டிருந்தது.

நடுப்படியில் இருப்போர்

இங்கிலாந்தில் வேறொரு முறை கையாளப்படுகிறது. அங்கு 2020இல் உள்நாட்டு மண்டல அணிகளின் வீராங்கனைகள் நாற்பது பேருக்கு முழுநேர ஆண்டு ஒப்பந்தம் அளிக்கத் தொடங்கினர். தேசிய அணியில் இல்லாதவரும் ஆண்டு முழுவதும் ஊதியம் பெற்றுப் பயிற்சி செய்யலாம். இந்தியாவில் வாரியத்தின் ஆண்டு ஒப்பந்தம் தேசிய அணியினரோடு நின்றுவிடுகிறது. மாநில அணியின் வீராங்கனை ஆட்டநாளுக்குரிய ஊதியத்தையே பெறுகிறார். இரயில்வே போன்ற நிறுவனங்களின் பணியிடங்கள் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன. ஆனால் ஆண்டுதோறும் அப்பணியிடங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவையே. ஏர் இந்தியா 2022 ஜனவரியில் தனியாருக்கு மாற்றப்பட்டபின் நிறுவனங்களின் பட்டியலும் குறுகியுள்ளது. மாநிலக் காவல் துறைகளும் வங்கிகளும் முன்வந்தால் பயன் விளையும்.

ஆட்டநாள் ஊதியம் அண்மையில் கணிசமாக உயர்த்தப்பட்டுள்ளது. 2021 வரை மூத்தோர் பிரிவு மகளிர்க்கு நாளொன்றுக்கு 12,500 ரூபாய்; அவ்வாண்டு அது 20,000 ஆயிற்று. உலகக் கோப்பை வெற்றியை அடுத்து 2025 டிசம்பரில் ஒருநாள் ஆட்டத்துக்கும் பன்னாள் ஆட்டத்துக்கும் நாளொன்றுக்கு 50,000 என்றும், இருபது ஓவர் ஆட்டத்துக்கு 25,000 என்றும் வாரியம் அறிவித்தது. மாற்று ஆட்டக்காரர்க்கு இவற்றில் பாதி. எடுத்துக்காட்டாக, ஒரு மாநில அணி முதற்சுற்றில் ஏழு ஒருநாள் ஆட்டங்களும் ஏழு இருபது ஓவர் ஆட்டங்களும் ஆடி வெளியேறுகிறது என்று கொள்வோம். எல்லா ஆட்டங்களிலும் இடம்பெற்றவர் 3 லட்சத்து 50 ஆயிரமும் 1 லட்சத்து 75 ஆயிரமுமாக 5 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய் பெறுவார். முந்தைய விகிதத்தில் ஏழு ஒருநாள் ஆட்டங்களுக்குக் கிடைத்தது 1 லட்சத்து 40 ஆயிரமே. புதிய தொகையைக் கொண்டு மும்பையின் புறநகரில் சிக்கனமாக வாழ இயலும். அதே அணியில் பதினான்காம் ஆளாக அமர்ந்திருப்பவருக்கு அதுவும் எளிதன்று.

விகிதம் உயர்ந்தபின் எஞ்சியிருப்பது நாட்களின் எண்ணிக்கை. மாநில அணியொன்று ஓராண்டில் ஆடும் நாட்கள் இருபதைத் தாண்டுவது அரிது. மகளிருக்கான மண்டலங்களிடைப் பன்னாள் போட்டி 2018க்குப்பின் நின்றுபோயிருந்தது. 2024 மார்ச் இறுதியில் புனேயில் அது மீண்டும் தொடங்கப்பட்டது. மூன்று நாள் ஆட்டமொன்றுக்கு மூன்று நாள் ஊதியம் கிடைப்பதால் இப்போட்டி, ஆட்டத்திறனை வளர்ப்பதோடு வருவாய் நாட்களையும் கூட்டுகிறது. இதில் ஆடுவோர் ஆறு மண்டலங்களின் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மட்டுமே. இதே முறையை மாநில அணிகளுக்கும் விரிவாக்கினால், ஓர் அணி நான்கு ஆட்டங்கள் ஆடினாலும் பன்னிரண்டு ஊதிய நாட்கள் கூடும். ஆளுக்கு ஆண்டொன்றுக்கு ஆறு லட்சம் ரூபாய் என்பது அதன் பொருள்.